பட்டாணியின் கன்றுக்குட்டி

“ஏங்க, சேனல்ல இருந்து ஆள் வந்தாச்சு போல. படியேறி வாராங்க” என்று கிசுகிசுத்தாள் சங்கரேஸ்வரி.

மகாராஜன் அவசரமாகச் சட்டையை மாட்டினார். நேற்றுத்தான் சென்னையிலிருந்து போன் வந்தது. “எங்க கார்ட்டூனை உங்க லோக்கல் கேபிள்ல போடுறதாத் தெரிய வந்திருக்கு. நேர்ல ஆள் அனுப்புறோம். அப்புறம் கேஸ்தான்” என்று ஒரு குரல் மரியாதையாகவே மிரட்டிவிட்டு வைத்துவிட்டது.

வருவார்கள் என்று தெரியும். மறுநாளே வந்து நிற்பார்கள் என்று அவர் நினைக்கவில்லை. டிஷ்ஷும் செல்போனும் வந்த பிறகு சங்கரன்கோவிலில் அவருக்கு மிஞ்சியிருப்பதே இந்த மாடி அறையும், லோக்கல் சேனலும், அதில் வரும் ஜவுளிக்கடை விளம்பரங்களும்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் பிழைப்புக்கு வேறு வழி பார்க்க வேண்டியதுதான்.

வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். தோளில் ஒரு துணிப்பை. நெடுந்தூரம் பஸ்ஸில் வந்த கசங்கல் புடவையில் தெரிந்தது.

“பட்டாணி கார்ட்டூன் போடுறது நீங்கதானா சார்?”

“உக்காருங்க மேடம். ஒளிவுமறைவு ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் சொல்லிருதேன்.”

பட்டாணி என்பது ஒரு சிறுமி. அந்தப் பெரிய சேனல் சொந்தமாகத் தயாரித்த முதல் கார்ட்டூனின் நாயகி. வந்த புதிதில் ‘நம்ம சேனல், நம்ம பட்டாணி’ என்று விளம்பரம் செய்து அமர்க்களப்படுத்தினார்கள். ஸ்கூல் பை, தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா என்று எதை எடுத்தாலும் அவள் முகம்தான். பிறகு சேனல் கைமாறியது. பெயர் மாறியது, லோகோ மாறியது, நிறம் மாறியது. புது லோகோவுக்குப் பட்டாணி பொருந்தவில்லை என்று யாரோ ஒரு புத்திசாலி சொல்லியிருக்க வேண்டும். பாதிக் கதையில் நிறுத்திவிட்டார்கள். அதுவும் எந்த இடத்தில்? அவளுடைய கன்றுக்குட்டி தவிடு, அடைமழையில் காணாமல் போன இடத்தில்.

“உங்க பழைய படத்தைப் பிடிச்சு வச்சு நான் போட்டது வாஸ்தவம். உங்க லோகோ மேல எங்க லோகோவை ஒட்டுனதும் வாஸ்தவம். இங்கன உள்ள பிள்ளைகளுக்குப் பட்டாணி, மகாராஜன் டிவி பிள்ளைதான். கதை நின்னதும் போன் மேல போன். ‘மாமா, தவிடு கிடைச்சுட்டா?’ன்னு கேக்காங்க. சோத்துல கை வச்சா போன் அடிக்கும். என்ன பதில் சொல்ல? கடைசில நாங்களே எடுக்க ஆரம்பிச்சுட்டோம்.”

“நீங்களேன்னா?”

சங்கரேஸ்வரி மேஜையைக் காட்டினாள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய பொம்மைகள் கிடந்தன. கை தனி, கால் தனி.

“வெட்டுதது நான். குரலும் நான்தான். இவுக கொஞ்சங்கொஞ்சமா நகத்தி நகத்திப் போன்ல போட்டோ பிடிப்பாக. சேத்து ஓட்டுனா நடப்பா. கொஞ்சம் நொண்டுவா.”

வந்தவள் பட்டாணியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். “ஒரு காதுலதான் கம்மல் இருக்கு.”

தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று மகாராஜன் நெளிந்தார். “ஏட்டி, அப்பவே சொன்னேன்லா?”

சங்கரேஸ்வரி அசரவில்லை. “மொதக் கதையிலயே ஒரு கம்மலைக் கிணத்துல விட்டுட்டாள்லா? அப்புறம் ரெண்டு காதுலயும் எப்படி இருக்கும்? பையிலயும் பாட்டில்லயும் ரெண்டு கம்மல் வரைஞ்சு வித்தது நீங்கதான்.”

வந்தவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “அதைச் சொல்லி ஆபீஸ்ல நான் சண்டையே போட்டேன். யாரும் கேக்கல. அப்புறம் நீங்க கதையை எப்படிக் கொண்டுபோனீங்க?”

“தேடிக்கிட்டே போறா மேடம்” என்றார் மகாராஜன். “இளையரசனேந்தல் கரிசக்காடு, மேலநீலிதநல்லூர், கடையநல்லூர்த் தறி. எங்களுக்குத் தெரிஞ்ச ஊரு அம்புட்டுத்தான். போற ஊர்ல எல்லாம் யாராவது ஒருத்தர் சோறு போடுதாங்க. கன்னுக்குட்டியத்தான் காணும்.”

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி ஆகப் போகிறது. மானம் பார்த்தால் முடியாது என்று தோன்றிவிட்டது.

“மேடம், இன்னைக்கு ஆறு மணிக்குக் கடைசிக் கதை. நாலு நாளா விளம்பரம் போட்டிருக்கேன். பிள்ளைக எல்லாம் டிவி முன்னால உக்காந்திருக்கும். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் போட விடுங்க. நாளைக்குக் கேஸ் போடுங்க, பெட்டியத் தூக்கிட்டுப் போங்க, ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவ மேல எங்களுக்கு உரிமை இல்லதான்.”

அவள் பொம்மையைக் கீழே வைக்கவில்லை.

“எனக்கும் இல்ல சார்” என்றாள் மெதுவாக. “நான் சேனல்ல இருந்து வரல. பட்டாணியை நிறுத்தின அன்னைக்கே என்னையும் அனுப்பிட்டாங்க. அவ பேரை வச்சு ஒரு வரிகூட எழுதமாட்டேன்னு கையெழுத்தும் வாங்கிட்டாங்க. உங்க படத்தை யாரோ போன்ல அனுப்பியிருந்தாங்க. பார்த்ததும் பஸ் ஏறிட்டேன்.”

மகாராஜன் மனைவியைப் பார்த்தார்.

வந்தவள் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அந்த மழையில தவிட்டைத் தொலைச்சவ நான்தான் அண்ணாச்சி. எங்க கிடைக்கும்னு அன்னைக்கு எனக்கே தெரியல. அது கிடைச்சிருச்சா?”