வேலைக்காரனுக்குப் போதும்

"கத்துறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிடா, அப்புறம்..." என்று பெரியப்பா ஏதோ சொல்வார். அப்புறம் என்ன என்பது துருக்கி மொழி வாத்தியாருக்கு மறந்துபோயிருந்தது.

கத்தினார்.

"மூணு மாசமா தொண்டை கிழியச் சொல்றேன்! எவ்னா வீடு. எவிம்னா என் வீடு. எவிம்தேன்னா என் வீட்டுல. நம்ம தமிழ் மாதிரியே பின்னாடி ஒண்ணொண்ணா ஒட்டிக்கிட்டே போகணும். இதுல என்ன கஷ்டம்?"

கடைசி பெஞ்சிலிருந்து, வகுப்புக்கு வரும் வெல்டர் ஒருவர் எழுந்தார். ஐம்பத்தைந்து வயது. அவர் பரீட்சைத் தாளில் எதுவும் ஒட்டாமல் மொட்டையாக நாலைந்து சொற்கள் கிடந்தன.

"பழகின வாய் சார். திரும்ப மாட்டேங்குது."

"என்ன பழக்கம்? கெல், துர், கல்டிர்! வா, நில், தூக்கு! மனுஷங்ககிட்ட பேசுறீங்களா, மாடு ஓட்டுறீங்களா?"

வகுப்பு சிரித்தது.

"என் பேத்தியும் பயப்படுறா சார். மருமக துருக்கிப் பொண்ணு. குழந்தைக்கு அந்த பாஷை மட்டும்தான் தெரியும். போன்ல கொஞ்சலாம்னு வாயைத் திறந்தா அதட்டுற மாதிரி வருது. அம்மா முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறா. அடுத்த மாசம் நேர்ல வர்றா. அதுக்குள்ள..."

"இந்த லட்சணத்துல அடுத்த மாசமா! நாளையிலேருந்து வராதீங்க, பேரை அடிச்சிடறேன். உங்களுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யாருய்யா?"

வெல்டர் பர்ஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். தீப்பொறி பட்டு ஓரம் கருகியிருந்தது.

வா - கெல். நில் - துர். தூக்கு - கல்டிர். சீக்கிரம் - சபுக்.

கையெழுத்து வாத்தியாருடையது.

இந்த முறை கத்தியது வெல்டர்.

"இருபது வருஷத்துக்கு முன்னாடி, துருக்கியில பாலம் கட்டுற சைட்ல எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் நீங்கதான். நாங்க நூத்தி இருபது பேர், உங்களுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகுது! இன்னும் நாலு வார்த்தை சொல்லிக்கொடுங்கன்னு கெஞ்சினோம். 'வேலைக்காரனுக்கு இது போதும்'னு சொன்னீங்க. மூணு மாசமா வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அடிங்க சார், பேரை அடிங்க!"

வாத்தியார் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"உங்க வீடு எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

பேத்தி வந்து இறங்கும் நாள் வரை, தினமும் சாயங்காலம் வெல்டர் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தார்.