தவளைக்கு முன்னால் ஒரு பெயர்

மதிய மழை சிவமொக்கா ஆய்வறையின் ஜன்னலில் சாய்ந்து அடிக்கிறது. திரையில் வெளிநாட்டார் எழுதிய ஆய்வுக்கட்டுரை. அதன் மேற்கோள் பட்டியலில் வினுதாவின் விரல் மறுபடி இறங்குகிறது. அட்டை கடிக்கக் கடிக்க ஓடைக்கரையில் உட்கார்ந்து அவள் ஒலிப்பதிவு செய்த தவளைக் குரல்களை வைத்து எழுதியதுதான் அந்தக் கட்டுரை. யாரும் எடுத்தாளட்டும் என்று பொதுத் தரவகத்தில் அவளே போட்டுவைத்தவை. பட்டியலில் தரவகத்தின் பெயர் இருக்கிறது, அவள் பெயர் இல்லை. "கோயில் பேரைப் போட்டுட்டு சாமி பேரை விட்டுட்டானுங்களே, மேடம்!" என்கிறார் பக்கத்து மேஜை மஞ்சப்பா. "நான் எங்க சாமி? வாசல்ல செருப்பு பாத்துக்கறவ." அவர் சிரித்துவிட்டு, "நீர்தோசை ஆறிடும், வாங்க" என்று குடையோடு கேண்டீனுக்குப் போய்விடுகிறார். மழையும் மின்விசிறியின் கிறீச்சொலியும் மிஞ்சுகின்றன. கட்டுரையோடு இணைத்திருக்கும் ஒலித்துண்டை அழுத்துகிறாள். எந்தப் பதிவையும் தன் பெயரும் இடமும் சொல்லித்தான் அவள் தொடங்குவாள். இதில் எடுத்த எடுப்பிலேயே தவளை கத்துகிறது. அவள் குரலை நறுக்கி எறிந்திருக்கிறார்கள். துண்டை நிறுத்தித் தொடக்கத்துக்குக் கொண்டுபோகிறாள். தவளை மிரளாத அந்தப் பழைய தணிந்த குரலில், காலி அறைக்குச் சொல்கிறாள்: "வினுதா. ஆகும்பே. ஓடைக்கரை." பிறகு அழுத்துகிறாள். தவளை கத்தத் தொடங்குகிறது.