சம்பந்தியம்மாள் வாய் திறந்தால்

அல்மாத்தியில் ஞாயிறு மதியம். ஜன்னல் வெயிலில் இசைத்தட்டு சுழல்கிறது. எர்மெக் வீட்டுக்குச் சம்பந்தியம்மாள் குலாஷ் வந்திருக்கிறார். சம்பந்தி எதைப் புகழ்ந்தாலும் அதைக் கையோடு கொடுத்தனுப்புவது இந்த ஊர் முறை. குலாஷ் போன தடவை புகழ்ந்ததில் தேநீர்க் கொதிகலம் சமோவார் போயிற்று. இன்று பார்த்து, நாற்பது வருடமாக எர்மெக் பொத்திவைத்திருக்கும், இரட்டைத் தந்தி வாத்தியமான தோம்ப்ராவின் இசைத்தட்டை அவர் மனைவி மறந்துபோய்ப் போட்டுவிட்டாள். "இதெல்லாம் ஒரு வாசிப்பா சம்பந்தியம்மா? முதல் பக்கம் தூக்கம், ரெண்டாம் பக்கம் குறட்டை. இந்தப் புதுப் பசங்க போட்டிருக்கிற ஆல்பத்தைக் கேளுங்க, தேன்!" என்கிறார் எர்மெக். "நேத்து அதைத் தகர டப்பான்னீங்களே?" என்கிறாள் மனைவி. "நீ சும்மா இருடி."

குலாஷ் கண்ணை மூடியிருக்கிறார். விரல்கள் மேஜைவிரிப்பில் தந்தி மீட்டுகின்றன. வாசிப்பு குதிரைப் பாய்ச்சலில் ஏறும்போது, எர்மெக்கின் நாக்கே அவரை மீறி "அடடா!" என்றுவிடுகிறது. குலாஷ் கண் திறக்கிறார். "நீங்க புகழ்ந்தா செல்லாது சம்பந்தி. நான்ல சொல்லணும்." அவர் உதடு பிரிகிறது. எர்மெக் இசைத்தட்டை மறைத்தபடி நகர்ந்து நிற்கிறார். குலாஷோ கிண்ணத்திலிருந்து பொரித்த மாவுருண்டையான பவுர்சாக் இரண்டை எடுத்து ஒரே வாயில் திணித்துக்கொண்டு, கன்னம் உப்ப, வாசிப்பு முடியும்வரை மென்றுகொண்டே இருக்கிறார்.