உள்ளங்கை அளவு

மியூசியத்தில் நின்ற பழைய போர் விமானத்துக்குள், துப்பாக்கி ஜன்னலுக்குக் கீழே இருந்த மரப்பலகையில் வழிகாட்டி டார்ச் அடித்தார். உள்ளங்கை அளவு ஒரு சிவப்புக் கறை.

பர்மாவில் குண்டு போட்டுத் திரும்பும்போது இங்கே நின்றிருந்த பத்தொன்பது வயதுப் பையனின் ரத்தம் அது என்றார்.

கறைக்கு மேல் கண்ணாடி போட்டிருந்தார்கள். வயதான ஒரு வெள்ளைக்கார அம்மாள் அந்தக் கண்ணாடியில் கையை வைத்தபடி நின்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டெக்ஸாஸுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மகள் ஷ்யாமளா காலையில் வேலைக்குப் போய்விட்டால் டெலிவிஷனோடுதான் பேச வேண்டும். நான் யார், என்னவாக இருந்தேன் என்று இந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

லீவு நாளில் அவள் அழைத்து வந்த இந்த மியூசியத்திலோ நான் பழுதுபார்த்த விமானமே நிற்கிறது. விமானத்தின் நம்பரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உலக யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் கான்பூரில் உடைத்துப் போட்டுவிட்டுப் போன விமானங்களைப் பெங்களூரில் நாங்கள்தான் மறுபடி பறக்க வைத்தோம். வெளியே இருந்த போர்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஆகவே சொன்னேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, என் இங்கிலீஷில். அது ரத்தம் இல்லை, குங்குமம். நாற்பத்தொன்பதாம் வருஷம் ஆயுத பூஜைக்கு நல்லெண்ணெயில் குழைத்து நான் பூசியது. என் பெயர் ஜம்புநாதன்.

பெயரைக்கூடச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

யாரும் சிரிக்கவில்லை. வழிகாட்டி டார்ச்சை அணைத்தார். அந்த அம்மாள் கண்ணாடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து ‘தேங்க் யூ’ என்று மட்டும் சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏணியில் இறங்கிப் போனாள்.

அந்தப் பையனின் அக்கா அவள் என்று வழிகாட்டி பிறகுதான் சொன்னார். தம்பியை அஸ்ஸாம் பக்கம் எங்கேயோ புதைத்தார்களாம். அங்கே போக அவளால் முடியவில்லை. வருஷா வருஷம் அவன் பிறந்தநாளுக்கு இந்தப் பலகையைப் பார்க்க வருவாளாம்.

ஷ்யாமளா காரை ஓட்டினாள். ஃப்ரீவே ஏறிய பிறகு கேட்டாள்.

“அப்பா, குங்குமம்னா சின்னதா ஒரு பொட்டுதானே வெப்போம். நீங்க ஏன் அவ்வளவு பெருசா வெச்சேள்?”

எண்ணெய் ஜாஸ்தியாகி வழிந்துவிட்டது என்றேன். அவளும் நம்பிவிட்டாள்.

எண்ணெய் வழியவில்லை.

விமானம் கான்பூரிலிருந்து வந்தபோதே அந்தப் பலகையில் கறுப்பாக ஒரு கறை இருந்தது. என்ன கறை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. துடைத்துவிடு என்றார் சூப்பர்வைசர். இரண்டு நாள் பெட்ரோல் ஊற்றித் தேய்த்தேன். மரத்துக்குள் இறங்கிவிட்டது, போகவில்லை. மறுநாள் பூஜை. பெரிய அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். அதனால் அதன் மேலேயே, அது மறைகிற அளவுக்குக் குங்குமத்தைப் பூசினேன்.

அந்த அம்மாள் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தபோதே எனக்கு இது ஞாபகம் வந்துவிட்டது.