ஏற்கெனவே வந்தது

கதவு திறக்கவில்லை என்று இன்னொருவன் எழுதியிருந்தான். கூடவே அவளுடைய பரம்பரையையும் இழுத்திருந்தான்.

அவள் 'ஏற்கெனவே வந்தது' என்ற பொத்தானை அழுத்தினாள். புகார் மறைந்தது. அடுத்தது வந்து நின்றது. அதிலும் கதவு திறக்கவில்லை.

பதில் போடுவது அவள் வேலை அல்ல. விளையாட்டு வெளியே போகும்முன் அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று விளையாடிப் பார்ப்பதுதான் வேலை. கண்டுபிடித்ததைச் சரிசெய்யும்வரை மற்றவர்கள் காதுக்குள்ளேயே ரீங்காரம் போடுவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குக் கொசு என்று பெயர்.

புது அப்டேட்டில் கதவுகளுக்குச் சத்தம் சேர்த்திருந்தார்கள். விளையாட்டுக்குள் வீட்டுக் கதவைத் திறந்தால் இனி கிறீச்சென்று கேட்கும். அவள் தெருப்பக்கம் நின்று திறந்து பார்த்தாள். திறந்தது. உள்ளே நின்றும் பார்த்துவிடுகிறேன், ஒரு நாள் கொடுங்கள் என்று குழுவின் லீடிடம் கேட்டாள்.

"வெளியேருந்து தெறக்குதில்ல? அப்ப உள்ளேருந்தும் தெறக்கும். கதவுன்னா ரெண்டு பக்கமும் கதவுதான், கொசு."

தலைக்கு இத்தனை என்று வேலையை அளந்து கொடுப்பதால் அவருக்கு மேஸ்திரி என்று பெயர். அது அவருக்குத் தெரியாது.

காலையில் அப்டேட் போனது. முந்தின இரவு தங்கள் வீட்டுக்குள் இருந்தபடியே விளையாட்டை மூடிவிட்டுப் படுத்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து கதவைத் தள்ளினார்கள். சத்தம் வந்தது. கதவு வரவில்லை.

பதில் போடும் பிரிவில் ஆள் போதவில்லை. அவளைப் போன்ற டெஸ்டர்களையும் பிடித்து உட்காரவைத்தார்கள். குவியல் தீரும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. அறையில் ஜன்னல்கள் இருந்தன. திறக்கிற மாதிரிச் செய்யவில்லை.

புகாரின் மேல் தட்டினால் அந்த ஆளின் உருவம் விளையாட்டுக்குள் எங்கே நிற்கிறது என்று திரையில் தெரியும். பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் பார்த்தாள். வீட்டுக்குள், மூடிய கதவின் முன்னால். வீட்டுக்குள், மூடிய கதவின் முன்னால். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மதியத்துக்குப் பிறகு தட்டிப் பார்ப்பதை விட்டாள். கொசுவுக்கும் அலுக்கும்.

அழுத்தினால் ஒரு பதில் போகும். 'இது நாங்கள் அறிந்த பிழை. இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.' எந்தப் பதில் போனாலும் அதன் அடியில் மேஸ்திரி சிரித்துக்கொண்டே எழுதிய ஒரு வரி தானாக ஒட்டிக்கொள்ளும். 'அதுவரை வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கி வாருங்கள்!'

அந்த ஒரு வரிக்கே தனியாகத் திட்டு விழுந்தது. எடுத்துவிடுங்கள் என்றாள். எடுக்கவும் ஒரு அப்டேட் வேண்டும் என்றார்கள்.

அவளுடைய தம்பியும் எழுதியிருந்தான். 'என் அக்கா அங்கே வேலை பார்ப்பதால் கெட்ட வார்த்தை போடவில்லை. நான் என்ன போட்டிருப்பேன் என்று அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.'

ஏற்கெனவே வந்தது.

அத்தனை பேரில் ஒரே ஒரு ஆள்தான் மரியாதையாக எழுதியது. விளையாட்டில் அந்த ஆளின் பெயர் தூக்கணாங்குருவி.

'ஐயா, கதவு திறக்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டேன். வேறு எங்கும் சொல்ல வழியில்லாததால் இங்கே எழுதுகிறேன்.'

வேறு வழியில்லை என்று எல்லோரும்தான் எழுதினார்கள். கம்பெனியின் போனை யாரும் எடுப்பதில்லை. அழுத்தினாள்.

குருவி மறுபடி எழுதியது. 'இரண்டு வாரம் தாங்காது ஐயா.'

விளையாட்டுப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டாள். அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் கழித்து, 'இதை மனிதர்கள் யாராவது படிக்கிறீர்களா?'

அதற்கும் அழுத்தினாள். அதற்கும் அதே பதில்தான் போனது, காற்று வாங்கும் வரியோடு.

சாயங்காலம் குவியல் அடிதட்டியது. பக்கத்து நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. அவளும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மேஸ்திரி வந்து மேஜைமேல் கையூன்றி நின்றார்.

"மேலிடத்துல காட்டணும். ஒரே ஒரு புகாரு, படத்தோட. எங்கம்மாவ இழுக்காததா பாத்து எடு."

"ஒண்ணே ஒண்ணு இருக்கு சார்."

குருவியைத் தேடி எடுத்தாள். மூடிய கதவின் முன்னால் அது நிற்கிற படம் வேண்டும். தட்டினாள்.

திரையில் வீடு இல்லை. ஓர் ஆற்றங்கரை. புல் அசைந்துகொண்டிருந்தது. கரையில் ஒரு சின்ன உருவம் தண்ணீரைப் பார்த்து நின்றது.

வேறு யாருடையதையோ தட்டிவிட்டோம் என்று மூடினாள். திறந்தாள். அதே கரை. அதே உருவம்.

பழைய பதிவைப் பின்னோக்கி ஓட்டினாள். அப்டேட் வந்தபோதும் குருவி ஆற்றங்கரையில்தான் நின்றிருந்தது. அதற்கு முந்தின நாளும் அங்கேதான். வீட்டுப் பக்கமே அது போகவில்லை.

விளையாட்டுக்குள் குருவியின் வீட்டைப் போய்ப் பார்த்தாள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

"கெடச்சுதா?" என்றார் மேஸ்திரி.

அவள் பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் வேகமாகத் தட்டச்சு செய்தாள். 'நான் மனுஷிதான் படிக்கிறேன். எந்தக் கதவு?'

அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதன் அடியிலும் ஒட்டிக்கொண்டு போயிருந்தது. 'அதுவரை வெளியே போய்க் கொஞ்சம் காற்று வாங்கி வாருங்கள்!'