எதிராளியின் பக்கம்

"இதுல என்ன குத்தம் இருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று ஒரு துண்டுச் சீட்டை மேசைமேல் வைத்தார் தாஜ் முகம்மது.

பத்தமடைப் பாய்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரி அவர். கடைக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று இரண்டு இடங்களில் மாதிரி கேட்டிருந்தார். ஒன்று, ஜங்ஷனில் ஒரு மாடியில் சுந்தர் நடத்தும் இந்தச் சின்ன அலுவலகம். இன்னொன்று பாளையங்கோட்டையில். சீட்டில் இருந்தது பாளையங்கோட்டை மாதிரியின் இணைய முகவரி.

"சித்ரலேகான்னு ஒரு பொண்ணு செஞ்சது. நமக்குக் கோரைப்புல்லு தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. தொழில் தெரிஞ்ச ஆளு குத்தம் சொன்னாத்தான நம்பலாம்?"

சுந்தர் சீட்டை எடுத்துக்கொண்டான். தொண்ணூற்றொன்பதில் திருநெல்வேலியில் வெப்சைட் கேட்டுப் படியேறி வருகிறவர்கள் அபூர்வம். இந்த வேலை கிடைத்தால் அலுவலகம் பிழைக்கும். இல்லாவிட்டால் கதவைச் சாத்திவிட்டுச் சென்னைக்குப் போய் யாரிடமாவது வேலைக்குச் சேர வேண்டியதுதான்.

மோடம் கீச்சிட்டு ஓய்ந்தது. திரை கொஞ்ச நேரம் வெறுமையாக நின்றது. பிறகு மேல் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழே ஒரு பச்சை.

"எவ்வளவு பைய வருது பாத்தீங்களா? இதான குத்தம்?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி."

சுந்தர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். கோடு கோடாக இறங்கி, கடைசியில் கரையும் வந்து சேர்ந்து, திரை முழுக்க ஒரு பாய் விரிந்து கிடந்தது.

"போன் லைன்ல எந்தப் படமும் இப்படி மேலேருந்து பையத்தான் இறங்கும். அதை எப்படி மறைக்கலாம்னுதான் நாங்க எல்லாரும் மண்டைய உடைப்போம். இவுங்க மறைக்கல. படம் இறங்குததையே, யாரோ உக்காந்து பாய் நெய்யுத மாதிரி ஆக்கிட்டாங்க. பாக்குதவன் காத்துக்கிட்டு இருக்கோம்னே நெனைக்க மாட்டான்."

"அப்ப குத்தம்?"

"ஒண்ணும் இல்ல. எனக்கு இது தோணியிருக்காது. இவுங்ககிட்டயே குடுத்திருங்க அண்ணாச்சி."

சொன்ன பிறகுதான் எதைக் கைவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. ஆனாலும் மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை. பக்கத்தை மறுபடி முதலிலிருந்து இறங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாஜ் முகம்மது தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். "காலையில அங்கன போயி, உங்க மாதிரியைக் காட்டி இதே மாதிரிதான் குத்தம் கேட்டேன்."

சுந்தர் சட்டென்று நிமிர்ந்தான். "என்ன சொன்னாங்க?"

"கல்யாணப் பாய்க்கு மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும் தட்டுனா, அந்தப் பேரு திரையில இருக்க பாயிலேயே விழுத மாதிரி வச்சிருக்கீங்கல்லா? அந்தப் பொண்ணு அதைத் திரும்பத் திரும்பப் பாத்தா. 'வாங்குதவங்க மனசுக்குள்ள போயி உக்காந்து செஞ்சிருக்காரு, அவர்ட்டயே குடுங்க'ன்னுட்டா."

சுந்தர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கீழே டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்து போனது.

"இத்தனை வருஷமா யாவாரம் பண்ணுதேன். எதிராளி சரக்கை மெச்சுத ஆளு ஒருத்தரைக்கூடப் பாத்ததில்ல. இன்னைக்கு ஒரே நாள்ல ரெண்டு பேரு. எனக்கு ரெண்டும் வேணும் தம்பி. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து செஞ்சு குடுங்க. அந்தப் பொண்ணுட்ட நான் பேசுதேன்."

"செய்யுதோம் அண்ணாச்சி. ஆனா ஒண்ணா உக்கார வேண்டாம். படத்தை அவ அங்கன செய்யட்டும், பேரு எழுதுதத நான் இங்கன செய்யுதேன்."

"ஏன் தம்பி, அவளை உங்களுக்கு முன்னமே பழக்கமா?"

சுந்தர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினான்.

"மூணு வருஷம் என் பொண்டாட்டியா இருந்தா அண்ணாச்சி. போன மாசம்தான் கோர்ட்டுல பிரிஞ்சோம்."