ஜோடி ஜாடி

மகன் செழியன் காதலிக்கும் பெண்ணைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குக் கிளம்பும்போதே கார்த்திகேசன் முடிவு செய்துவிட்டார். பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்று கழன்றுகொள்ள வேண்டியது.

பெண் வீட்டில் பஜ்ஜி முடிந்து, அதைச் சொல்ல வாயெடுத்தவரின் பார்வை அடுப்படி அலமாரியில் குத்திட்டு நின்றது. நீல டிராகன் போட்ட பழைய சீனப் பீங்கான் ஜாடி!

அவரிடமும் அச்சு அசலாக அப்படியொன்று உண்டு. கை பட்டால் உடைந்துவிடுமென்று வைக்கோல் பொதிந்து, பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றியிருந்தார். அதன் ஜோடியைத் தேடிக் காரைக்குடி வரை அலைந்திருக்கிறார்.

"அதுல... என்ன வச்சிருக்கீங்க?"

"நார்த்தங்கா ஊறுகா. கொஞ்சம் போடட்டுங்களா?" என்றார் பெண்ணின் அப்பா தங்கராசு.

"ஜாடிய விப்பீங்களா?"

"விக்கிறதுக்கில்லீங்க. பொண்ணோட சீர்ல வரும்."

"அப்ப தட்ட மாத்திடுவோம் சம்பந்தி!"

"நாள் பாக்க வேணாங்களா?"

"இன்னிக்கே நல்ல நாள்தான்!"

தட்டு மாறியது. பெண் முகூர்த்தத்துக்கு அப்புறம் வரட்டும், ஜாடி இப்போதே வரட்டும் என்று அடம்பிடித்து, ஊறுகாயோடு அதை மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

வந்த வேகத்தில் ஏணி போட்டுப் பரணில் ஏறிப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே வெறும் வைக்கோல்தான் இருந்தது.

கீழே ஏணியைப் பிடித்திருந்த செழியன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

"தூக்கிட்டுப் போனதும் நான்தாம்பா, ஊறுகா போடச் சொன்னதும் நான்தாம்பா. காலியா இருந்தா உங்களுக்குச் சந்தேகம் வந்துடும்ல?"